கோவிந்தசாமி அய்யாவோடு வெள்ளிமலை ஏறிய நாள்

மறதிநோய் வந்தவர்களை மலைக்குக் கூட்டிப்போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். அப்படிப்பட்டவர்களை வீடுவீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் நான். போகலாம் என்று சொல்வது சுலபம். நாங்கள் எப்படிப் போய்வந்தோம் என்று எழுதினால் இன்னும் உதவும் என்று தோன்றியது.

கோவிந்தசாமி அய்யா தியாகதுருகத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி ஓட்டியவர். நோய் வந்தபின் தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "லோடு நிக்குது, நான் கெளம்பணும்" என்று வாசலுக்கு வந்துவிடுவார். மனைவி தனலட்சுமி அம்மா கதவைப் பூட்டுவார். இவர் தட்டுவார். மதியத்துக்குள் இருவருமே ஓய்ந்துபோவார்கள். ஒருநாள் மலைக்கே அழைத்துப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். மகனுக்குப் பயம்: அப்பா எங்காவது இறங்கி நடந்துவிட்டால்? நியாயமான பயம்தான். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, பொங்கல் கூட்டம் அடங்கியபின் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம்.

காலை ஏழு மணிக்கு அய்யா, அம்மா, நான் மூவரும் வாடகைக் காரில் கிளம்பினோம். போக வர மூவாயிரம் ரூபாய். ஓட்டுநர் பெயர் சேகர். கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாகப் போனால், கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊர் ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துப் பக்கம் நிறுத்தவே இல்லை, அந்த இரைச்சல் அய்யாவுக்கு ஆகாது. கோமுகி அணை அருகே காருக்குள்ளேயே இட்லி சாப்பிட்டோம்.

மலைச்சாலை தொடங்கியதும் அய்யா பின்னிருக்கையிலிருந்து எட்டி சேகரின் தோளைப் பிடித்துக்கொண்டார். "டேய், கியரக் கொறைடா! இன்னா வண்டி ஓட்டற நீ?"

"சிஸ்டர், கைய எடுக்கச் சொல்லுங்க. வளைவு வருது!" சேகர் மிரண்டுவிட்டார்.

இழுத்தால் அய்யா இன்னும் இறுக்குவார். ஓரமாக நிறுத்தச் சொன்னேன். அவருடைய கோபத்துக்கு அடியில் இருந்தது பயம்தான். வண்டிக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், ஸ்டியரிங்கோ தன் கையில் இல்லை. "அய்யா, உங்களுக்குத் தெரிஞ்ச ரோடு. நீங்க முன்னாடி உக்காந்து தம்பிக்குச் சொல்றீங்களா?" என்றேன். முன்னிருக்கையில் உட்காரவைத்து பெல்ட் போட்டோம். பிறகு வளைவுக்கு வளைவு, "ஆரன் அடி... இப்ப மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சேகரும் "சரிங்க மொதலாளி" என்று ஆரனை அடித்துக்கொண்டே ஓட்டினார். பெரியார் அருவியை மேலே நின்று பார்த்ததோடு சரி. தண்ணீரும் கம்மிதான்.

வெள்ளிமலையில் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போதுதான் சிக்கல். அய்யா காரில் ஏற மறுத்தார்.

"என் சம்சாரம் இன்னும் வர்ல. அவள வுட்டுட்டு எப்டிப் போறது?"

அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார் தனலட்சுமி அம்மா. "நான்தாங்க, தனம். இங்கதான நிக்கறேன்?"

அய்யா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே கேட்டார். "நீங்க யாரும்மா?"

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அய்யாவின் குரல் உயர, கடையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் திருத்தக் கூடாது, அவர் மனதில் இருப்பதைப் பேசவிட வேண்டும் என்பது எனக்குப் பழகிய முறை. ஆனால் மனைவியை வைத்துக்கொண்டே அதைச் செய்தால், அவரை இல்லாத ஆளாக ஆக்குவதுபோல் ஆகிவிடாதா? தயங்கினேன். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அய்யாவிடம் கேட்டேன்: "உங்க வூட்டம்மா எப்படிப்பட்டவங்க?"

"அவளா?" குரல் தணிந்தது. "வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா லோடு எறக்கிட்டு நான் எந்நேரம் போனாலும் சாப்புடாம ஒக்காந்திருப்பா. அவ மூஞ்சப் பாத்தாதான் எனக்கு வண்டி ஓட்டன அலுப்பே போவும்."

அம்மா என் கையை மெல்ல விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அய்யாவின் முன்னால் போய் நின்றார். அடுத்து அவர் கேட்டதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"நானும் தியாகதுருகந்தாங்க போவணும். பஸ்ஸ வுட்டுட்டேன். என்னையும் ஏத்திக்கினு போறீங்களா?"

அய்யா யோசித்தார். "ஏறுங்கம்மா. ஆனா பின்னாடி ஒக்காருங்க. முன்னாடி ஒக்காந்தா எம் பொண்டாட்டி என்னை வூட்டுக்குள்ள சேக்க மாட்டா."

"சேக்க மாட்டாதான்" என்றார் அம்மா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

உங்களுக்குச் சில விஷயங்கள். விடுமுறை நாட்களைத் தவிருங்கள். வழியில் கழிப்பறைகள் குறைவு, மாற்றுத்துணி வேண்டும். தை மாதம் பகலிலும் குளிரும். போன் எல்லா இடத்திலும் எடுக்காது, அதனால் கூட ஒரு ஆள் இருப்பது நல்லது. முக்கியமாக, உடன் வரும் மனைவிக்கோ மகளுக்கோ தனியாக உட்கார்ந்து அழ ஒரு நேரத்தை விட்டுவையுங்கள். நோயாளியைக் கவனிக்கிற அவசரத்தில் நாங்களே அதை மறந்துவிடுவதுண்டு.

அன்று மலையிறங்கும்போது கோமுகி அணையில் அதற்காகவே நிறுத்தினேன். அய்யா காரில் தூங்கிவிட்டார், சேகர் துணைக்கு இருந்தார். கரையில் அம்மாவோடு உட்கார்ந்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"இத்தினி வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்த இப்டிச் சொன்னதில்ல சிஸ்டர். இன்னிக்கு யாரோ ஒரு பொம்பளன்னு நெனச்சி எம் முன்னாடியே சொல்லிக்கினு நிக்கறாரு பாரேன்!"