தட்டைக் கவிழ்த்து வரைந்த மண்டலம்

கேண்டீன் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் கையை விட்டுப் போன தட்டு ஒழுங்காகத் திரும்பாது. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் நான் சோறு போட்ட காலத்தில், என் தட்டுகள் சனிக்கிழமையானால் படம் வரையப் போய்விடும். இப்போது வீட்டோடு கிடக்கும்போது அந்தச் சனிக்கிழமைகள்தான் ஞாபகம் வருகின்றன.

ஒரே புள்ளி

தொழிலாளிகளின் மனசுக்கு வகுப்பு எடுக்க ஒரு மேடம் வந்தார். மண்டலம் என்றால் வட்டம். நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி மனசில் தோன்றுவதையெல்லாம் போட்டுக்கொண்டே போகணும். அழகு முக்கியமில்லை, முடித்துவிட்டுப் பார்த்தால் நம் மனசு நமக்கே தெரியும் என்றார். காம்பஸ் இல்லாததால் என் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டார்கள். பேக்கிங் செக்ஷன் குமாரிக்கு மட்டும் திருப்தியில்லை.

"இன்னா மேடம், ஒத்தப் புள்ளியா? கோலத்துக்குப் பதினஞ்சு வச்சாலே எங்க மாமியா மூஞ்சத் திருப்பிக்கும்."

வெள்ளைத் தாள்

பழவேற்காட்டு தேசப்பனை சூப்பர்வைசரே கூட்டிவந்து உட்கார வைத்தார். தம்பி ஏரியில் மூழ்கிப் போனதிலிருந்து அவன் வேலைக்கு வருவான், மிஷினை ஓட்டுவான், வாயை மட்டும் திறக்கமாட்டான். அவன் பெண்சாதி ஒருநாள் கம்பெனி கேட்டுக்கே வந்து, என்னிடம் "ஒரு வார்த்த பேச வை நைனா, ஊட்ல பயமா கீது" என்று அழுதாள். நானும் சோற்றோடு கூடுதலாக ஒரு துண்டு மீன் வைத்துப் பார்த்தேன். மீனை ஒதுக்கிவிட்டுச் சாம்பாரை இழுத்துக்கொண்டான்.

வகுப்பிலும் இரண்டு வாரம் தாள் வெள்ளையாகவே இருந்தது. குமாரி சீண்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, அழுக்காக்காம வச்சிக்கினா கடக்காரன் திருப்பி எடுத்துக்குவானா?"

வெளிச்சுற்று

மூன்றாவது சனிக்கிழமை பென்சிலை எடுத்தான். நடுவில் சின்ன வளையம். அதைச் சுற்றிக் கண்ணி கண்ணியாக ஒரு சுற்று, அடுத்த சுற்றில் இன்னும் நாலு கண்ணி கூட. எனக்குப் புரிந்துவிட்டது, வீச்சு வலை. கயிறு கட்டும் நடுத் தலையிலிருந்து அதை இப்படித்தான் பின்னிக்கொண்டு வருவார்கள். பாதியில் கை நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் மேடம், மெதுவாக.

கடைசிச் சுற்றைப் பென்சிலால் தொட்டுக் காட்டினான். "இதுவரிக்கும் நான் பின்னது. வெளிச்சுத்து தம்பி பின்றேன்னு சொன்னான். ஊட்ல அப்பிடியே தொங்கிக்கினு கீது."

சொல்லிவிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான். குமாரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"திங்கக்கெழம நான் வரல, சூப்பர்வைசராண்ட சொல்லிடு நைனா. வெளிச்சுத்த நானே முடிச்சிடறேன்."

வயிறு நிறைந்தால் வாய் தானாகத் திறக்கும் என்று கேண்டீன்காரர்கள் நாம் பெருமையடித்துக்கொள்வதை இனிமேல் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.