பல் டாக்டரின் ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள்

“கொஞ்சம் வாயத் தொறங்க. வலிக்காது, நான் இருக்கேன்ல.”

பல் டாக்டர் இப்படிக் கெஞ்சுவது சுறாவிடம். ஞாயிறு காலை, கடற்குடாவின் நடுவில், கயாக் என்னும் ஒற்றையாள் துடுப்புப் படகின் இருபுறமும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நாலடிச் சுறா ஒன்றை இடது கையால் வாலோடு அணைத்திருப்பார். வலது கையில் கடைவாய்ப் பல் பிடுங்கும் குறடு. அதன் பிடியில் ஒரு முழம் குழாயை மாட்டி நீட்டியிருக்கிறார். அதன் வாயில் மாட்டிய தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு, “ஈறு சுத்தமா இருக்கு, போய்ட்டு வாங்க” என்று வழியனுப்புவார்.

இருப்பது இரண்டே கை. போட்டோ எடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஆகவே சாட்சியே கிடையாது. இருந்தும் கதை மட்டும் குறைவில்லை. அதுவும் கிளினிக்கில் நோயாளியின் வாயில் பஞ்சைத் திணித்த பிறகுதான் ஆரம்பிப்பார். குறுக்குக் கேள்வி வராது. திங்கட்கிழமை பிடுங்கும் முதல் பல்லுக்கு நாலடியாக இருக்கும் சுறா, மாலைக்குள் ஏழடியாகிவிடும்.

நோயாளி ஐந்து நிமிடம் தாமதித்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனிதருக்கு, கடல் வற்றும் நேரம் மட்டும் மண்டையில் ஏறவே ஏறாது. மாதம் ஒருமுறையாவது தரைதட்டிச் சேற்றில் உட்கார்ந்திருப்பார். மனைவி போன் செய்வாள்.

“எங்கங்க இருக்கீங்க?”

“குடாவுலதான்.”

“குடாவுல தண்ணி இருக்கா?”

“வரும்.”

பதினோரு வருடமாக கிளினிக்கில் அவர் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். வீட்டில் கயாக் கூடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அடுப்படிக்குப் போக அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். போதாக்குறைக்கு அவள் தம்பி, “அத்தான் இன்னைக்கும் சேத்துல குளிச்சாரா?” என்று நக்கலடிக்கிறான். போன வாரம் அவள் கயாக்கின் மூக்கில் ‘விற்பனைக்கு’ என்று ஒரு தாளில் எழுதி, கிளினிக் பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டாள்.

“இந்த ஞாயித்துக்கெழம நானும் வர்றேன். போட்டோ எடுத்து அவன் மூஞ்சில காட்டணும். போட்டோ இல்லன்னா படகும் இல்ல.”

டாக்டர் கயாக்கை ஒருமுறை தடவிக்கொண்டார். வாரத்தில் ஆறு நாள் சொத்தைப் பல்லையே பார்க்கிறவருக்கு, முப்பத்திரண்டுக்கு மேல் நல்ல பல் பார்க்கக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுறா மாட்டியது. மாட்டியது யார் என்பதில்தான் சந்தேகம். அது கயாக்கை இழுத்துக்கொண்டு குடாவை மூன்று சுற்றுச் சுற்றியது. தொப்பி ஒரு பக்கம், துடுப்பு ஒரு பக்கம். அதற்குள் கடல் வற்றி, படகும் சுறாவும் டாக்டரும் கரையோரத்து முழங்கால் தண்ணீரில் வந்து நின்றார்கள். கரையில் காத்திருந்த மனைவி புடவையைச் செருகிக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்தபடி சேற்றில் இறங்கி வந்தாள். படத்துக்குள் சுறா முழுதாக வந்துவிட்டது. அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

டாக்டர் திரும்பிப் பார்க்காமல் வலது கையைப் பின்னால் நீட்டினார்.

“குறடு.”

அவள் கை போனை விட்டது. இருக்கைக்குப் பின்னால் கிடந்த குறடு மறு நொடி அவர் உள்ளங்கையில் இருந்தது.

“நல்லா தொறங்க. டாக்டர் பாக்கறார்ல?” என்று சுறாவை அதட்டினாள்.

தூண்டில் முள் கழன்றது. சுறா வாலால் இருவருக்கும் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. போன் விழுந்த இடத்தில் இரண்டு குமிழி வந்தது.

“போட்டோ...?” என்றார் டாக்டர், ஈனசுரத்தில்.

 அவள் கயாக்கின் மூக்கிலிருந்து அந்த ‘விற்பனைக்கு’த் தாளைப் பிய்த்தெடுத்து, அவர் முகத்துச் சேற்றை அழுந்தத் துடைத்துவிட்டாள்.