மேஜர் சாரின் பத்மினி

அண்ணனூரில் என் அக்கா ஞானகுமாரியின் வீட்டுக்காரர் பிரகாசத்தை யாராலும் ஏமாற்ற முடியாது என்றுதான் தெருவே நம்புகிறது. கத்திரிக்காய் வாங்கினால்கூட ஒவ்வொன்றாய்த் திருப்பிக் காம்பைப் பார்ப்பார். தள்ளுவண்டி நாகம்மா ஒருநாள், "அண்ணாத்தே, காய் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கேட்டேவிட்டாள். எனக்கு மட்டும் உண்மை தெரியும். அந்தக் கத்திரிக்காய் மிலிட்டரி சட்டை போட்டுக்கொண்டு வந்தால், சொத்தையாக இருந்தாலும் மாமா வாங்கிக்கொள்வார்.

ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவர். அதிகாரியைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும், கேட் பாஸ் இல்லாமல் குண்டூசிகூட வெளியே போகக் கூடாது. பத்துக் கட்டளைகளோடு இந்த இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருந்தார். கேட் பாஸ் என்றால் சும்மா கிடைக்காது. செக்‌ஷன் ஆபீசர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் லீவு என்றால் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு செக்யூரிட்டி ஆபீசர். ரிட்டயர் ஆன அன்று நண்பர்கள் தொழிற்சாலைக்குள் வைத்து ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார்கள். மாமா மே மாதமே வீட்டுக்கு வந்துவிட்டார். கடிகாரம் ஜூலையில் வந்தது, அதுவும் நின்றுபோய்.

வீட்டில் உட்கார்ந்தவருக்குப் பழைய பத்மினி கார் மேல் ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு அக்காவை முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டுமாம். போனில் தேடித் தேடி ஒன்றைப் பிடித்தார். க்ரீம் கலர், நசுங்கல் இல்லை, துரு இல்லை, விலை ஒரு புது ஸ்கூட்டர் விலை. விற்கிறவர் ஒரு மேஜர். எல்லைக்குப் பணி மாற்றமாம், அவசரமாம்.

"இவ்ளோ சீப்பா யாரு மாமா குடுப்பாங்க? நேர்ல போய்ப் பாருங்க" என்றேன்.

"வண்டி கேம்ப்புக்குள்ள கீது மச்சான். சிவிலியன உள்ள உடமாட்டாங்க. பணத்தை முன்னாடி போட்டா மிலிட்டரி லாரிலயே ஏத்தி அனுப்பிடுவாரு."

உள்ளே விடமாட்டார்கள் என்றதும் வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். மாமாவுக்கு அது பெருமையாக இருந்தது. மேஜர் தன் அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பினார். மாமா அதைப் பெரிதாக்கி மீசையை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாக மூடிவைத்தார். கத்திரிக்காய்க்குக் காம்பு பார்க்கிற மனுஷன்!

மேஜர் கூப்பிட்டால் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, எழுந்து நின்றுதான் பேசுவார். "நீங்க நிக்கிறது அந்தாளுக்குத் தெரியவா போவுது?" என்பாள் அக்கா.

அவள் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அனுப்பப் போகிற பணம், அடுத்த மாதம் நடக்கவிருந்த மகள் ஹெலினாவின் கல்யாண பிரியாணிக்கு எடுத்துவைத்தது. பின்னால் வரும் சீட்டுப் பணத்தை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்பது மாமாவின் எண்ணம்.

"வண்டி வரலன்னா பந்தியில தக்காளி சோறுதான். கறி எங்கன்னு கேக்கறவங்கள மேஜர் ஊட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றாள் அக்கா. சம்பந்தி வீட்டார் பாடி ஊர்க்காரர்கள், பீஸ் எண்ணிச் சாப்பிடுகிறவர்கள்.

பணம் அனுப்பும் அன்று நானும் போயிருந்தேன், தடுக்கத்தான். கேட்கிற ஆளா அவர்? போனில் எல்லாவற்றையும் தட்டியாகிவிட்டது, ரகசிய எண் மட்டும் பாக்கி. அப்போது மேஜரே கூப்பிட்டார். மாமா எழுந்தார், லுங்கியை இறக்கினார், ஸ்பீக்கரில் போட்டார்.

"பணம் இன்னும் வரலையே, பிரகாசம்?"

"இதோ போட்டுடுறேன் சார். கேட் பாஸுக்கு எழுதிட்டீங்களா சார்? இப்பவே எழுதினாதான் கல்யாணத்துக்குள்ள வரும்." சத்தியமாகச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. மேஜர் சிரமப்படக் கூடாதே என்ற அக்கறை.

"பாஸா? அஞ்சு நிமிஷத்துல ரெடி பண்ணிடுறேன்."

மாமாவின் கட்டைவிரல் அப்படியே நின்றது.

"அஞ்சு நிமிஷமா? யார் யார் சார் கையெழுத்து போடணும்?"

"யாரும் வேணாம், நானே போட்டுடுவேன். இன்னிக்கே வண்டி வெளிய வந்துடும்."

மாமா சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லுங்கியைத் தொடைக்கு மேல் மடித்துக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"இன்னாடா சொன்ன?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசியதைப் பூசைக்குப் போகிறவர் பேசியதாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அக்கா மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று முழுவதையும் கேட்டாள்.

பிரியாணி பிழைத்தது. பாடிக்காரர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சீட்டுப் பணம் கைக்கு வந்த பிறகு, கள்ளிக்குப்பத்தில் லட்சுமணன் என்பவரிடம் ஒரு பத்மினி விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு மூவரும் போனோம். "தள்ளினாதான் சார் ஸ்டார்ட் ஆவும்" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். மாமா அடியில் படுத்து, கத்திரிக்காய் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு முதுகெல்லாம் மண்ணோடு எழுந்தார்.

"எப்ப எடுத்துக்கலாம்?"

"அவசரப்பட்டா ஆவாது சார். வண்டி என் சம்சாரம் பேர்ல கீது, அவதான் கையெழுத்து போடணும். தங்கச்சி ஊட்டுக்குப் போய்க்கீறா, எப்ப வருவான்னு தெரியாது. பேப்பர் வேலையெல்லாம் பாக்குற புரோக்கரு வேளாங்கண்ணிக்கு நடந்து போய்க்கினு கீறாரு. அவரும் வரணும்."

ஹெலினா பிறந்த அன்றைக்குப் பிறகு மாமாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அக்காவின் பக்கம் குனிந்தார்.

"ஞானம், இதான் ஒரிஜினல் வண்டி."