பாதித் தாடியோடு ஆறு நாள்

எங்கள் கடைத்தெருவில் சினிமா எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எல்லோரும் கடைக்கு வெள்ளையடித்தார்கள். அதனாலேயே யார் கடையும் தேறவில்லை. பழசாக இருக்க வேண்டுமாம். வெள்ளையடிக்கச் சோம்பல்பட்ட சலூன்காரருக்கு அடித்தது யோகம். அவர் கடை வாசலில்தான் கதாநாயகன் நாலு பேரைப் புரட்டி எடுப்பான். பின்னால், சலூனுக்குள், யாருக்கோ சவரம் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

என்னுடையது பக்கத்து நோட்டுப் புத்தகக் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். ஒட்டுக்கேட்பது கெட்ட பழக்கம் என்று எனக்கும் தெரியும். ஆனால் காதைப் பலகையில் வைக்காமலே எல்லாம் கேட்டால் நான் என்ன செய்ய?

சலூன்காரருக்கு இருபத்தாறு வருஷமாக அதே நாற்காலி. உயரம் ஏற்றும் மிதி உடைந்துவிட்டதால் குட்டையான ஆட்களுக்குக் கீழே ஒரு தலையணை. வாய் ஓயாது. ஆனால் ஒரு விஷயத்தில் கறார்: நுரை போட்டுவிட்டால் முடிக்காமல் யாரையும் எழுப்ப மாட்டார். ஒருமுறை எதிர்க்கடையில் தீப்பிடித்து ஊரே ஓடியது. இவர் மீசையை ஒதுக்கி முடித்துவிட்டுத்தான் வாளியைத் தூக்கினார். பாதி மழித்த முகத்தைப் பார்க்கச் சகிக்காது என்பார்.

படப்பிடிப்பு அன்று, வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து அடர்ந்த தாடிக்காரர் ஒருவரை உதவி இயக்குநர் பிடித்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். பிளேடு மாற்றிக்கொண்டிருந்த சலூன்காரர் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். பேச்சு நின்றுபோயிற்று. வந்திருந்தவர் அவர் மனைவியின் அண்ணன்.

ஒன்பது வருஷப் பகை அது. அப்பா செத்த சேதியை அண்ணன் மூன்று நாள் கழித்துத்தான் தங்கைக்குச் சொல்லி அனுப்பினார். அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாதவன் முகத்தில் இனி விழிக்க மாட்டேன் என்றார் தங்கை. சொன்னபடியே இருந்தார், அண்ணனை வாசலில்கூட நிற்கவிடவில்லை. அண்ணன் லாரி ஓட்டுபவர். என்ஜின் வேலைக்காக வண்டியை எங்கள் ஊர்ப் பட்டறையில் விட்டிருந்தார். வழியில் எத்தனையோ பட்டறை இருக்க, இங்கே எதற்கு வந்தார் என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

கேமரா ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு பேருக்கும் அது வசதியாகப் போயிற்று. வலது கன்னம் முடிந்த நேரத்தில் மழை பிடித்து வேலை நின்றது. சலூன்காரர் இடது கன்னத்துக்குக் கத்தியைக் கொண்டுபோக, உதவி இயக்குநர் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். சண்டை முடிய இன்னும் ஐந்து நாள் ஆகும், அதுவரை முகம் இப்படியே இருக்க வேண்டும் என்றார். படத்தில் அது இரண்டு நிமிஷமாம். ஒரு போட்டோ எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார். சலூன்காரர் முறைத்த முறைப்பில் அந்தப் போட்டோ எரியாமல் இருந்ததே அதிசயம்.

பாதித் தாடியோடு மனிதர் எங்கே போவார்? ஊரில் இருந்த ஒரே லாட்ஜை சினிமாக்காரர்கள் பிடித்திருந்தார்கள். படுத்துத் தூங்கும் லாரியோ பட்டறையில் பிரித்துப் போடப்பட்டுக் கிடந்தது. வேறு வழியில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சலூன்காரர் பின்னால் நடந்தார்.

கதவைத் திறந்த தங்கை, யாரென்று தெரியாமல் துண்டை எடுக்கச் சொன்னாராம். பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். பிறகு, சிரித்துத் தொலைத்தோமே என்று கோபம். மூன்று நாள் தட்டை வைப்பார், போய்விடுவார், பேச்சில்லை. இவ்வளவும் சலூன்காரரை நச்சரித்து நான் கறந்தது.

சலூன்காரர் தினமும் காலையில் போட்டோவைப் பார்த்துப் பார்த்து வலது கன்னத்தை மழிப்பார். இடது தாடியைக் கத்தரியால் அளவாகக் குறைப்பார். அந்தக் கழுத்தில் கத்தி வைக்கும்போது மனசில் என்ன ஓடியது என்று கேட்டேன். தொழிலில் அதெல்லாம் நினைக்கக் கூடாது என்றார். நினைத்திருக்கிறார்.

நாலாம் நாள் மதியம் தங்கையே சாப்பாடு கொண்டுவந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏண்ணே உடனே சொல்லி அனுப்பல?”

அண்ணன் தட்டைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது.

“நீ நிறைமாசம். படுக்கைய விட்டு எழுந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. சொன்னா நீ எழுந்து ஓடி வந்திருப்பே. உனக்கு ஒண்ணு ஆயிருந்தா?”

“அத என்னைக் கேட்டிருக்கணும்ல?”

“கேட்டிருக்கணும்மா.”

அவ்வளவுதான். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு தங்கை போய்விட்டார். எனக்குத்தான் கண் கலங்கியது. மன்னித்தாரா இல்லையா என்று தெரியாமல் அடுத்த இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறாம் நாள் சண்டை முடிந்தது. சினிமாக்காரர்கள் விளக்குகளை வண்டியில் ஏற்றினார்கள். லாரி தயார் என்று பட்டறையிலிருந்து சேதி வந்தது. சலூன்காரருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. புது பிளேடு மாட்டி, இடது கன்னத்தில் நுரையைக் குழைத்துப் பூசினார். நானும் ஏதோ சாக்கு சொல்லி உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

சாப்பாட்டு கேரியரோடு தங்கை வந்து வாசலில் நின்றார். நுரைக்குள் இருந்த அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு புருஷனிடம் சொன்னார்:

“அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு நாள் அப்படியே இருக்கட்டும். அப்பத்தான் எங்கேயும் போக முடியாது.”

உதவி இயக்குநரை அப்படி முறைத்த மனிதர் இப்போது சரி என்று தலையாட்டினார். நுரையைத் துண்டால் துடைத்தார். கத்தியை மடக்கி வைத்தார்.