அக்காவின் முட்டியும் வராத வரியும்

என் அக்கா கோவிந்தாபுரத்தில் தேங்காய் வியாபாரம் செய்கிறாள். மாமா இறந்ததும் தொழில் நின்றுவிடும் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் நினைத்தோம். அவளோ மாமாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தோப்பு தோப்பாகப் போனாள். நேரில் பார்த்து, விலை பேசி, காயைப் பொள்ளாச்சிக்கு லாரி ஏற்றினாள். கொல்லங்கோட்டுப் பக்கம் அவளைத் தெரியாத தோப்புக்காரர்கள் குறைவு.

ஒரு மழை நாளில் வாய்க்கால் பாலத்தில் ஸ்கூட்டர் வழுக்கி, இடது முட்டிச் சில்லு உடைந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் நடந்தது. அவள் இன்சூரன்ஸ் எடுத்திருந்த கம்பெனிக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒப்பந்தம் இல்லை. முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு பில்லை அனுப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "எலும்பு கூடிரும்மா. முட்டி மடங்குறதுதான் இனிமேல் பெரிய வேலை. பிசியோதெரபியை மட்டும் விட்றாதீங்க."

கொல்லங்கோட்டிலிருந்து ஒரு பெண் தினமும் வந்து காலை மடக்கிவிட்டாள். அக்கா வாய்விட்டு அழுவாள். நான் இருக்கும் எலப்புள்ளியிலிருந்து அங்கே போகும் நாட்களில் அவளுடைய தோளைப் பிடித்துக்கொள்வேன். கொஞ்சம் கொஞ்சமாக முட்டி இளகியது. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றிய அன்று, பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

அப்போதுதான் இன்சூரன்ஸ் பணம் வந்தது. "தம்பி, ஆஸ்பத்திரிக் காசு பூராவும் வந்துருச்சு சாமி!" என்று போனில் சத்தம் போட்டாள்.

அந்தச் சந்தோஷம் மறுநாளே போய்விட்டது. அவளுக்குக் கணக்கு எழுதுகிறவர், "பேங்க்ல வந்ததெல்லாம் வருமானமாத்தான் காட்டணும். வரி எவ்வளவு வருதுன்னு கணக்குக் குடுக்கறப்பப் பாத்துக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டார்.

மாமா இருந்தபோது ஒருமுறை வருமான வரி நோட்டீஸ் வந்திருந்தது. பேங்கில் போட்ட ஏதோ பணத்துக்கு அவரால் கணக்குச் சொல்ல முடியவில்லை. சோறு தண்ணி இறங்காமல் அலைந்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் மாரடைப்பு. டாக்டர்கள் என்ன காரணம் சொன்னாலும், அக்காவின் மனதில் அந்த நோட்டீஸ்தான் அவரைக் கொண்டுபோனது.

வந்த பணத்தை அப்படியே பேங்கில் டெபாசிட் போட்டாள். கையிலிருந்த மீதியெல்லாம் தோப்புகளுக்கு அட்வான்ஸாகப் போயிருந்தது. பிசியோதெரபிப் பெண்ணை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"ஏனுங்கக்கா நிறுத்துனீங்க? வேணும்னா நான் தாரேன்."

"வேண்டாஞ் சாமி. உனக்குப் புள்ளைங்க படிப்பு இருக்குது. வரி என்னன்னு தெரியாம அந்தக் காசுல கைய வெக்க மாட்டேன். உங்க மாமா பட்டது போதும். நானே ஊட்டுல மடக்கிக்கறேன்."

தன்னைத்தானே அவ்வளவு நோகடித்துக்கொள்ள யாரால் முடியும்? வலி தொடங்கும் இடத்திலேயே நிறுத்திவிடுவாள். நான் போகும்போதெல்லாம் கால் நீட்டியபடியே இருந்தது.

வருமான வரிக் கணக்குக் கொடுக்கும் மாதம் வந்ததும், பாலக்காட்டில் கல்பாத்திப் பக்கம் இருக்கும் ஓர் ஆடிட்டரிடம் அவளைக் கூட்டிப்போனேன். வயதானவர். காகிதங்களை நிதானமாகப் பார்த்தார்.

"இது வருமானமே இல்லையாக்கும். ஆஸ்பத்திரிக்கு நீங்க குடுத்த பணம் உங்களுக்கே திரும்பி வந்திருக்கு. இதுல லாபம் எங்கே இருக்கு, வரி போடறதுக்கு?"

"ஒண்ணுமே வராதுங்களா?" அக்கா நம்பாமல் கேட்டாள்.

"இதுக்கு வராது." பாஸ்புக்கைப் புரட்டினார். "ஆனா டெபாசிட்ல போட்டிருக்கேளே, அந்த வட்டி வருமானம்தான். அதைக் கணக்குல காட்டணும்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவளுடைய கால் நடைவழியில் நீட்டிக்கொண்டிருந்தது. ஏறுகிறவர்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள். புதுநகரம் தாண்டும்போது மெதுவாகச் சொன்னாள்: "வரியே கட்டியிருந்தாலும் மிச்சக் காசுல முட்டி மடங்கியிருக்குமில்ல, தம்பி?"

பிறகு காட்டப் போனபோது கோயம்புத்தூர் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, மூட்டுத்தான் இறுகிவிட்டது என்றார். இன்னொரு ஆபரேஷன் செய்தால் ஓரளவு மடங்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அக்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

இப்போது அவள் போனில்தான் காய் வாங்குகிறாள். நேரில் போக முடியாததால் தோப்புக்காரர்கள் சொல்கிற தரத்தை நம்ப வேண்டியிருக்கிறது. பொள்ளாச்சியில் லாரியிலிருந்து சின்னச் சின்னக் காயாக இறங்குகிறது என்று போன் வந்தாலும் யாரையும் திட்டுவதில்லை. முன்பென்றால் ஊரே கேட்கும்படி சண்டை போட்டிருப்பாள். அவள் சண்டை போடாததைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.