நைனா விட்ட பீடி

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கியதும் முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துவிடாமல், உறவினர்கள் இதையும் படித்துவிட வேண்டும் என்று மகளாகக் கேட்டுக்கொள்கிறேன். எழுத வேண்டாம் என்றுதான் தம்பி சொன்னான். "போன மனுஷன் மானத்த ஏன்கா வாங்குற?" என்றான். போகிற மானத்தில் பாதி என்னுடையது என்பதால் எழுதுகிறேன்.

நைனா ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போன குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். கல்யாணமான புதிதில் அம்மாவுடன் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, சிப்காட்டில் இரும்புக் கம்பி செய்யும் கம்பெனி ஒன்றில் உலைப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தார். காண்டிராக்ட் ஆளாகச் சேர்ந்தவர் காண்டிராக்ட் ஆளாகவே ஓய்ந்தார். நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே அம்மா தவறிவிட்டார். இரண்டாம் கல்யாணம் பேச வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து ரயிலேற்றி அனுப்பிவிட்டு, எங்களுக்கு அவரே சோறு வடித்தார். சாராயக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பீடி ஒன்றுதான். உலைச் சூட்டிலிருந்து வெளியே வந்து நிற்கக் கிடைக்கும் நேரத்துக்குக் கம்பெனியில் பீடி நேரம் என்றே பெயர். பீடி பிடிக்காதவனை உள்ளேயே நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

நோய் வந்தபோது அது நோய் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. காலையில் விரல்களை மடக்க முடியாது, மணிக்கட்டு வீங்கியிருக்கும். இரும்போடு மல்லுக்கட்டிய கை, வலிக்கத்தானே செய்யும் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். பிறகு சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். முடக்குவாதம் என்றார் டாக்டரம்மா. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது, புகை அதை இன்னும் தூண்டிவிடும், கொடுக்கிற மாத்திரையையும் சரியாக வேலை செய்ய விடாது, இந்த நோயில் நெஞ்சுக்கும் ஆபத்து, அதனால் பீடியை விட்டே ஆக வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். நைனா பள்ளிப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். அடுத்த முறை கேட்டதற்கு விட்டுவிட்டதாகச் சொன்னார். அதற்கடுத்த முறையும் அதையே சொன்னார். டாக்டரம்மா அதை நம்பி மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டே போனார். வீக்கம் குறையவில்லை. அவர் விடவில்லை என்று தெரிந்தும், பக்கத்தில் மாத்திரைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நைனாவின் விரல்கள் அதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. அவரை என் புகுந்த வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீக்குச்சியைப் பிடிக்க வராது, லைட்டரை அழுத்த வராது. ஒரு சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனிதர். சுவரைப் பார்த்துக்கொண்டு, "பாப்பா, இத கொஞ்சம் பத்தவெச்சி குடேன்" என்றார். அடுப்பில் காட்டினேன், நுனி கருகி அணைந்துபோனது. வாயில் வைத்து இழுத்தால்தான் பீடி பற்றும். இழுத்தேன். இருமிக்கொண்டே நீட்டினேன். வாங்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு, கணவரும் மாமியாரும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து இது நடந்தது. எனக்கு இருமல்கூட நின்றுவிட்டது.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சட்டைப் பொத்தான் போட்டுவிடவும் சோறு பிசைந்து கொடுக்கவும் என்னை எதிர்பார்த்திருந்தவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

முழங்கால் வலியென்று ஒரு முறை என் மாமியாரும் எங்களோடு சென்னைக்கு வந்தார். அவர் கழிப்பறைக்குப் போன நேரத்தில், மருத்துவமனைக்கு வெளியே டீக்கடை ஓரமாக நைனா ஒரு பீடியை நீட்டினார். நான் பற்றவைத்து இழுக்கவும் மாமியார் வரவும் சரியாக இருந்தது. அவர் கண்ணில் படுவதற்குள் கீழே போட்டு மிதித்துவிட்டேன். நைனாவுக்கு அது கிடைக்கவே இல்லை.

உள்ளே மருந்துச் சீட்டை வாங்கக் குனிந்தபோது, என் மேல் பீடி நாற்றம் அடித்து டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஸ்மோக் பண்ணுவீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல யார் பிடிச்சாலும் அந்தப் புகை இவருக்கு ஆகாது."

மாமியாரின் பார்வை என் கன்னத்தில் சுட்டது. இல்லை என்றால் நைனாவின் பொய் உடையும். ஆமாம் என்றால் நான் வீடு போய்ச் சேர முடியாது. தலையைக் குனிந்துகொண்டேன். நைனா நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றார்.

"அது இல்லமா. கை ஆவாம பொண்ணுகிட்ட குடுத்து பத்தவெச்சிக்கினு கீறேன். குடிக்கிறது நானு. இத்தினி நாளா உங்ககிட்ட பொய் சொல்லிக்கினு இருந்தேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பழைய சீட்டுகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தனியாக விட முடியாவிட்டால் அதற்கும் மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன என்று பக்கத்து அறைக்கு அனுப்பிவைத்தார். திரும்பும் ரயிலில் மீஞ்சூர் தாண்டும்போது மாமியார் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே சண்ட போட்டு நிறுத்தியிருப்பேனே" என்றார். அவர் நிறுத்தியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அன்றோடு நைனா பீடியைத் தொடவில்லை. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார், கடலை மிட்டாயாகக் கடித்துத் தள்ளினார், ஆனால் தொடவில்லை. மெல்ல மாத்திரை வேலை செய்யத் தொடங்கியது. வீக்கம் வடிந்தது. சாய்ந்த விரல்கள் மட்டும் சாய்ந்தபடியே நின்றுவிட்டன. முன்னமே விட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டரம்மா சொன்னபோது நாங்கள் இருவருமே தரையைப் பார்த்தோம். ஒரு நாள் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டு வந்து என் எதிரே நின்றார். நான் அழுதேன்.

விட்டதை அவர் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்படி விட்டார் என்று கேட்பார்கள், என் பேரும் வெளியே வருமே. நீங்கள் பீடி நீட்டினால் அப்புறம் குடிக்கிறேன் என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நெஞ்சுவலி வந்து அவர் போன பிறகு பார்த்தேன், எல்லாச் சட்டைப் பைகளிலும் நூல் பிரிந்த பீடிகள்.

காரியத்தன்று சித்தப்பா படையலில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் வைத்தார். "அண்ணனுக்கு அதுன்னா உசுரு. கடைசி வரைக்கும் பாத்துக்கினது நீதான பாப்பா? இதையும் நீயே பத்தவெச்சி குடு" என்றார். அவர் மேல் தப்பில்லை, நைனா பீடியை விட்டது அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் நான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், அத்தனை பேர் முன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். குனிந்து, வாயில் வைத்து இழுத்து, இலையோரம் வைத்தேன். என் மானத்தைக் காப்பாற்ற அவர் விட்டதை, என் மானத்துக்குப் பயந்து நானே அவருக்குப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டேன்.

கடைசி நாள் ஆட்டோ ஓட்டி வந்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், தோள் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், பொய்யைப் பொறுத்துக்கொண்ட டாக்டரம்மாவுக்கும், அதன் பிறகு ஒரு நாளும் அதைக் குத்திக்காட்டாத என் மாமியாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த வருஷப் படையலுக்கு யாரும் பீடி கொண்டுவர வேண்டாம். கடலை மிட்டாய் வாங்கி வாருங்கள். மறந்து யாராவது வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டால், பற்றவைக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். நைனா சமையலறை வாசலில் வந்து நின்ற அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.