வாடைப் பக்கம் திரும்பாத கார்

எங்கள் வீட்டில் இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை. உப்புச் சாடி வாடைப் பக்கம், தொட்டில் கச்சான் பக்கம். மாமனார் தோணி ஓட்டும் தண்டலாக இருந்தவர். கரையில் இறங்கிய பிறகும் காற்றை வைத்தே திசை சொல்வார். வாடை என்றால் வடக்கு, கொண்டல் கிழக்கு, கச்சான் மேற்கு. கொழும்பில் வளர்ந்த நான் கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து மூன்று வருஷமாகிறது. இன்னமும் ஒரு கணம் யோசித்துத்தான் சாடியை எடுக்கிறேன்.

கொழும்பில் தெருமுனைக்குப் போனால் டிராம் வரும், ரிக்‌ஷா வரும். இங்கே குதிரை வண்டிதான். போன மழைக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தபோது வண்டிக்காரர் ரயிலடிக்குப் போயிருந்தார். டாக்டர் வீடு வரை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்றிலிருந்து என் கணவரை ஒரு காருக்காக நச்சரித்தேன்.

சீமைக்குத் திரும்பும் ஒரு துரையின் சின்னக் கார் விலைக்கு வந்தது. நாலு பேர் இடித்துக்கொண்டு உட்காரலாம். கூப்பனுக்கு அளந்து தரும் பெட்ரோலுக்குள் ஓடிவிடும். சாவியை நீட்டிய துரைசானி, “எப்போது வீட்டுக்கு?” என்று இங்கிலீஷில் கேட்டாள். “கிறிஸ்துமஸுக்கு, கொழும்புக் கப்பலில் இடம் கிடைத்தால்” என்றேன். அவள் விழித்தாள். காரை எப்போது வீட்டுக்கு எடுத்துப் போகிறோம் என்றுதான் கேட்டிருக்கிறாள்.

மறுநாளே மாமா காரின் அடிப்பாகம் முழுக்கச் சுறா எண்ணெய் தடவிவிட்டார். உப்புக் காற்று அரிக்காமலிருக்கத் தோணிக்குச் செய்வதுதான். பகலில் கணவர் துறைமுகத்தில் இருப்பதால் நானே ஓட்டக் கற்றேன். “ஏளா, கொழும்புக்காரி தோணி எறக்கிட்டாளா?” என்று பக்கத்து வீட்டு அக்கா தினமும் கேட்பாள். இதற்காகவா இவ்வளவு பிடிவாதம் பிடித்தோம் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மார்கழியில் ஒரு மத்தியானம் குழந்தைக்கு மறுபடி வலிப்பு வந்தது. மாமா அவளை மடியில் கிடத்திப் பின்னால் உட்கார்ந்தார். கார் முழுக்கச் சுறா நாற்றம். முக்கு வந்ததும், “வாடைக்குத் திருப்புளா!” என்றார். டாக்டர் வீடு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையும் தெரியும். ஆனாலும் கை திரும்பவில்லை. நேரே விட்டுவிட்டேன். கண்ணெதிரே கடல் தெரிந்தது.

“எங்கன போற? அங்கன கொழும்புக் கப்பல்தாம் நிக்கி!”

மாமா பின்னாலிருந்து எட்டி, சுக்கானை இழுப்பதுபோல ஸ்டியரிங்கை இழுத்தார். வண்டி குலுங்கித் திரும்பியது.

டாக்டர் ஊசி போட்டார். சற்று நேரத்தில் குழந்தை கண் திறந்து தண்ணீர் கேட்டாள். நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை அந்த நிலையில் கிடக்கும்போது நான் எங்கே போகப் பார்த்தேன்?

சாயங்காலம் கணவர் வந்து, “ஒழுங்கா ஓட்டினாளா?” என்று மாமாவிடம் கேட்டார்.

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு, “ஓட்டுனா. காத்துதாம் கொஞ்சம் இழுத்துட்டு” என்றார்.

இப்போதெல்லாம் அந்த முக்கில் காரை நிறுத்தி, வாடை எது என்று பார்த்துக்கொண்டுதான் திருப்புகிறேன். எதிரே கப்பல் புகை தெரிகிற நாட்களில் மட்டும், கார் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறது.